பாணர் வேடமும் தராசுப் பேர்வழியும்

கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களைத் திட்டுகிறவர்களையும் தெரியும். ஒருவேளை நீங்களே அந்தக் கட்சியாக இருக்கலாம். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. இந்த இனத்தார் விளையாடவும் மாட்டார்கள், விளையாடாமல் விடவும் மாட்டார்கள். எப்படி விளையாடினால் நன்றாக இருக்கும், அதில் என்ன நிறை, என்ன குறை, அந்தக் குறைக்குள் ஏதாவது நிறை உண்டா, அந்த நிறைக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் குறை எது என்று சீர்தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் விளையாடி முடித்து, அலுத்துப்போய், வேறு விளையாட்டுக்குக் குடிபோன பிறகும் இவர்கள் பார்வை முடிந்திருக்காது. இவர்களுக்குத் தராசுப் பேர்வழிகள் என்று பெயர்.

அடையாளம் காண்பது சுலபம். வாயைத் திறந்தால் "ஒரு வகையில பார்த்தா" என்று தொடங்குவார்கள். அப்பாடா, மனிதர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று நீங்கள் மூச்சு விடுவதற்குள் "இன்னொரு வகையில பார்த்தா" வந்து நிற்கும். இரண்டு வகைதானே, தீர்ந்தது என்று எழுந்துவிடாதீர்கள். "ஆனா" என்று ஒரு சொல் பாக்கி இருக்கிறது. தமிழில் மற்ற எல்லாச் சொற்களையும் பிடுங்கிக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தாலும் இவர்கள் ஓர் ஆயுளைச் சௌகரியமாகக் கழித்துவிடுவார்கள். லிஃப்ட் வந்து கதவைத் திறந்துகொண்டு காத்திருக்கும், இவர் மாடிப்படியின் நன்மைகளை யோசித்துக்கொண்டிருப்பார், கதவு மூடிக்கொள்ளும். குடை எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றே தொப்பலாக நனைந்தவர்களும் இந்த இனத்தில் உண்டு.

நம்முடைய தராசுப் பேர்வழி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். இருட்டறையில் எதிரே இருப்பவர் மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "முன்னாடி காட்டினது தெளிவா இருந்துச்சா, இப்போ காட்டறது தெளிவா இருக்கா?" என்று கேட்பது அவர் தொழில். கேள்வி இவருடையது, முடிவு அடுத்தவருடையது. இதைவிட நிம்மதியான உத்தியோகம் உண்டா? முதலில் அவரை வெளியே, பிரேம் விற்கும் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். "இது எனக்கு நல்லா இருக்குங்களா?" என்று ஓர் அம்மாள் ஆசையாகக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் முடிந்தது. இவர், "ஒரு வகையில பார்த்தா கண்ணு எடுப்பா தெரியுதும்மா. இன்னொரு வகையில பார்த்தா மூக்கும் எடுப்பா தெரியுது" என்றார். அந்த அம்மாள் மூக்கைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். முதலாளி அன்றைக்கே இவரை இருட்டறைக்கு மாற்றிவிட்டார்.

இப்படிப்பட்டவர் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார் என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். "சரின்னு சொன்னது நான்தான். அவர் இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்கார்" என்பார் அவர் மனைவி. அந்த அம்மாள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, நடுரோட்டில் வியர்த்து விறுவிறுக்கிற ஆட்களைப் பார்த்து "யோசிக்காதீங்க, கிளச்ச விடுங்க!" என்று நாளெல்லாம் அதட்டுகிறவர். ஆண்டவன் ஜாடிக்கு ஏற்ற மூடி என்று பார்க்கவில்லை; மூடியே இல்லாத ஜாடிக்கு ஒரு மூடி இருக்கட்டும் என்று போட்டிருக்கிறார்.

இனி விளையாட்டுக்கு வருவோம். அதன் பெயர் ஏழு கோட்டை. எந்த ஊரில் இருந்தாலும் சரி, ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி, பேசிக்கொண்டே ஒரே கோட்டைக்குள் சேர்ந்து போய்ப் பூதங்களை அடிக்கலாம். உள்ளே போகுமுன் ஒரு வேடம் எடுத்தாக வேண்டும். கேடயர் முன்னால் நின்று அடி வாங்குவார். வில்லாளி பின்னால் நின்று அடிப்பார். வைத்தியர், அடி வாங்கியவரை எழுப்பி, மறுபடி அடி வாங்க அனுப்புவார். மாயாவி நெருப்பைக் கொளுத்தி, பல சமயம் தன் கூட்டாளிகளையே பொசுக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்பார். பாணர் யாழ் வாசிப்பார்.

ஆமாம், யாழ்தான். பூதம் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வரும்போது இவர் அசையாமல் நின்று சுருதி சேர்ப்பார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பாணர் வாசிக்க வாசிக்க, கூட இருப்பவர்களின் பலம் இரண்டு மடங்காகும். வில்லாளி விடுகிற ஒரு அம்பு இரண்டு அம்பாகத் தைக்கும். அது நிறை. பாணருக்கு உடம்பு பூஞ்சை. வாசிக்கும்போது ஓரடி நகர முடியாது. நிறுத்தினால் கூட்டாளிகளின் பலமும் போய்விடும். அவை குறைகள். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற குறை ஒன்று இருக்கிறது. யாழ் ஒலித்ததும், பூதம் அடித்துக்கொண்டிருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுப் பாணரை நோக்கிக் கிளம்பிவிடும். சங்கீதம் பிடித்தா பிடிக்காமலா என்று தெரியாது.

இந்தக் கூட்டத்துக்கு அழைத்தது அவருடைய அக்கா. அவர் பல ஊர் தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறார். துணியைக் கொடுத்துவிட்டு நாளைக்கே வேண்டும் என்று நிற்பவர்கள் முதல் புகுந்த வீட்டுச் சொந்தங்கள் வரை எல்லோருடைய அடியையும் முன்னால் நின்று வாங்கிப் பழகியவர். அதனால் கேடயர் வேடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அக்காவின் கணவர், அதாவது நம்மவருக்கு அத்தான், லிஃப்ட் மெக்கானிக். எதையும் எட்ட நின்று அண்ணாந்து பார்த்துச் சரிசெய்கிற பழக்கம்; வில்லாளி. தராசு என்ற பட்டத்தை மச்சானுக்குக் கட்டிய புண்ணியவானும் அவர்தான். மூன்றாமவர் அத்தானின் சிநேகிதர், பல் டாக்டர், வேறென்ன, வைத்தியர். அடிபட்டுக் கிடப்பவரை எழுப்பும்போது "வலிக்காது, வலிக்காது, வாயத் திறங்க" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிடுவார்.

கூட்டம் நிறைய நாலு பேர் வேண்டும். நாலாவது இடத்தை அக்கா தம்பிக்காகப் பிடித்து வைத்திருந்தார்.

அந்த இடத்தின் அருமை தராசுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அக்காவும் தம்பியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முட்டி மோதிச் சண்டை போட்டவர்கள். இப்போது வாரம் ஒருமுறை போனில் "சாப்பிட்டியா?" "ம்." "நீ?" "ம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில்தான் அக்கா பழைய அக்காவாக இருந்தார். பூதத்தைத் திட்டினார், அத்தானைத் திட்டினார், விழுந்து விழுந்து சிரித்தார். வேடம் எடுக்காதவர்கள் கோட்டை மதில்மேல் நின்று வேடிக்கை பார்க்கலாம் என்று விளையாட்டில் ஒரு வசதி உண்டு. தராசு ஞாயிறுதோறும் மதில்மேல் நின்று பார்த்தார், கேட்டார். உள்ளே போய் அக்காவோடு நிற்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிறகு என்ன தடை? அவருடைய பிறந்தநாளுக்கு அக்கா ஒரு ஏற்றச் சீட்டு அனுப்பியிருந்தார். புதிதாக வருகிறவரையும் ஒரே தாவலில் முழு பலசாலியாக்கிவிடும் சீட்டு அது. ஆனால் ஒரே தடவைதான், ஒரே வேடத்துக்குத்தான். எடுத்தால் எடுத்ததுதான். ஒரு தராசுப் பேர்வழிக்குச் செய்யக்கூடிய கொடுமைகளில் இதைவிடப் பெரிது உண்டா? வேடத்தைத் தொட்டுச் சீட்டைப் போட்டதும் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும். "நிச்சயமா?" என்று கேட்கும். கீழே "ஆம்", "இல்லை" என்று இரண்டு பொத்தான். ஊரில் மற்ற எல்லோரும் இந்தப் பெட்டியைப் படிக்காமலே "ஆம்" என்று தட்டிவிட்டுப் போகிறவர்கள். நம்மவர் யோக்கியர். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நிச்சயமா என்றால், ஒரு வகையில் பார்த்தால் நிச்சயம்தான். இன்னொரு வகையில்... "இல்லை" என்று அழுத்திவிடுவார்.

இதற்குள் பாணர் வேடத்தில் அவர் கரை கண்டுவிட்டார். விளையாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் பாணரின் நிறைகுறைகளைப் பற்றி நீட்டி முழக்கி எழுதினார். முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாம் வந்து, ஐயா, மழைக்காலக் கோட்டையில் பாணர் எடுபடுவாரா, ஐயா, யாழின் நரம்பை மாற்றலாமா என்று பவ்யமாகச் சந்தேகம் கேட்டார்கள். ஒருவர் உருகிப்போய், "நீங்கள் எத்தனை காலமாகப் பாணராக ஆடுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். நம்மவர் ஒளிக்காமல், "இன்னும் ஆரம்பிக்கவில்லை" என்று பதில் போட்டார். அதை அவர்கள் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தளத்தில் எழுதியது போக மிச்சம் இருந்ததைச் சாப்பாட்டு மேஜையில் மனைவியிடம் கொட்டினார். தட்டில் கை காயும், பேச்சு காயாது.

"பாணர்னு எடுத்தா எல்லாருக்கும் ஒத்தாசைதான். ஆனா பாரு, வாசிக்க ஆரம்பிச்சா பூதம் நேரா நம்மகிட்ட வந்துரும். அதுதான் அந்த வேடத்தோட சாபக்கேடு."

"வந்தா என்ன ஆகும்?"

"அடிக்கும்."

"யாரை?"

"பாணரைத்தான்."

"அப்போ மத்தவங்கள அடிக்காது?"

"அது... இல்ல, நீ விஷயத்தைப் புரிஞ்சுக்கல. இது குறை. குறைப் பக்கத்துல வருது."

"சரி சரி, சாப்பிடுங்க. ஆறிப்போச்சு."

உள்ளபடி சொன்னால், அவர் பயந்தது அடிக்கு இல்லை. தப்பான வேடத்தை எடுத்துவிட்டு, தன்னால் அக்கா விழுந்து, அந்தச் சிரிப்பு நின்றுபோய், "பரவாயில்லடா" என்று ஒரு குரல் வருமே, அதற்குத்தான் பயந்தார். தன்னைக் கூட்டிவந்ததே தப்பு என்று அக்கா ஒரு நொடி நினைத்துவிட்டால் போதும், உயிர் போய்விடும் அவருக்கு. அந்தப் பயத்துக்குத்தான் ஆராய்ச்சி என்று சட்டை மாட்டி உலவவிட்டிருந்தார். பாவம், நல்ல மனுஷன்.

விளையாட்டில் பருவம் என்று சில மாதக் கெடு உண்டு; அப்படி மூன்று பருவம் இப்படியே கழிந்தது. மூவராகவே போய் அக்கா கூட்டம் தோற்றுத் தோற்றுத் திரும்பியது. கடைசிக் கோட்டையை மட்டும் மூன்று பேருக்குத் திறக்கவே மாட்டார்கள். நாலு பேர் நின்றால்தான் கதவு அசையும். அந்த ஞாயிறு சாயங்காலத்தோடு பருவமும் முடிகிறது. சனிக்கிழமை அக்கா போன் செய்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்கவில்லை. அதிலேயே தம்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நாளைக்கு வர்றியா இல்லையாடா?"

"வர்றேன்க்கா. பாணர்தான்னு முக்கால்வாசி முடிவு பண்ணிட்டேன்."

"மீதி கால்வாசியை யாரு முடிவு பண்ணுவா? இத பாரு, உன் இடத்துக்கு எத்தனை பேர் கேட்டும் நான் குடுக்கல. நாளைக்கும் நீ மதில்மேலயே நின்னா, வேற ஆளைச் சேர்த்துக்குவேன். சொல்லிட்டேன்."

"வேற ஆளா? யாருக்கா?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? நீதான் வரப்போறியே."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நம்மவர் கூடத்துக் கம்ப்யூட்டர் முன்னால் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். மனைவி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். ஒரு மாதமாக ஞாயிறு மட்டுமில்லாமல் மற்ற நாளும் இதே கதைதான். கார் பழகுகிறவர்களுக்குச் சாலை விதி வகுப்பு ஆன்லைனில் எடுக்கிறாராம். போகிற போக்கில் கணவரின் தலையை ஒரு பார்வை பார்த்து, "யோசிக்காதீங்க, கிளச்ச விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

விட்டாரா? கோட்டை வாசலில் அக்காவும் அத்தானும் பல் டாக்டரும் ஆயுதத்தோடு நின்றார்கள். நம்மவர் பாணர் படத்தைத் தொட்டார், சீட்டைப் போட்டார். பெட்டி எழுந்தது. நிச்சயமா? விரல் "ஆம்" பக்கம் போனது. அப்போது பார்த்து ஒரு புதுச் சந்தேகம். அக்கா விழுந்துவிட்டால் பாணரால் தூக்கிவிட முடியாதே? "இல்லை" என்று அழுத்தி, வைத்தியரைப் போய்ப் பார்த்தார். ஆனால் வைத்தியர் ஏற்கெனவே இருக்கிறார். ஒரு கூட்டத்தில் இரண்டு வைத்தியர் என்றால், ஒரு வகையில் பார்த்தால்...

"டேய், என்னடா ஆச்சு?" அக்காவின் குரல் ஹெட்போனில்.

"இதோ, ஒரே நிமிஷம்க்கா."

"மச்சான், இந்த நேரத்துல நான் லிஃப்டை ஒரு தடவ கழட்டி மாட்டியிருப்பேன்" என்றார் அத்தான்.

"அவசரப்படுத்தாதீங்க. பல் பிடுங்கறதுக்கு முன்னாடி சில பேர் இப்படித்தான்" என்று பல் டாக்டர் பரிந்து பேசினார்.

மறுபடி பாணர். மறுபடி பெட்டி. மறுபடி "இல்லை". கோட்டைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அது அணைந்தால் பருவம் முடிந்தது. அக்கா, கோபம் சுத்தமாக இல்லாத குரலில், "சரிடா. நாங்க உள்ள போறோம். நாலாவது ஆள் வந்தாச்சு" என்றார்.

கோபித்திருந்தால்கூடத் தேவலை. தராசுக்குக் கண் கலங்கியது. கண் மங்கலாகத் தெரிவதற்கு எத்தனை காரணம் உண்டு என்று மற்றவர்களுக்கு விளக்குகிறவர் அவர். இந்தக் காரணத்துக்கு வில்லை கிடையாது.

கதவு திறந்தது. அக்காவின் பக்கத்தில், தனக்காக இத்தனை நாள் காலியாக இருந்த இடத்தில், யாரோ ஒருவர் வந்து நின்றதை மதில்மேல் பூனையாக உட்கார்ந்து பார்த்தார். கையில் யாழ். பாடினி, அதாவது பாணர் வேடத்தில் பெண். தலைக்கு மேலே பெயர் மிதந்தது: அரைக்கிளச்.

அது என்ன பெயர் என்று உங்களுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். அவருக்கு விளங்கவில்லை. தன் இடத்தில் வந்து நின்ற ஆள், தான் கரைத்துக் குடித்த வேடத்தை எவ்வளவு அசட்டையாகக் கையாள்கிறார் என்பதே அவர் கண்ணில் பட்டது. பாணர் பின்னால் நிற்க வேண்டும். இது நடுவில் நிற்கிறது. தூணுக்கு மறைவாக நிற்க வேண்டும். இது வெட்டவெளியில் நிற்கிறது. கடைசி அறையில் ஒற்றைக்கண் பூதம் எழுந்து வந்தபோது அது இன்னும் இரண்டடி முன்னால் போனது. நம்மவருக்குப் பொறுக்கவில்லை.

"தப்பு! தப்பு! பின்னாடி வா!" என்று கூடமே அதிரக் கத்தினார்.

"ஏங்க, கத்தாதீங்க! அண்ணி பேசறது கேக்கல!"

இந்தப் பதில் ஹெட்போனிலும் கேட்டது, படுக்கையறையிலிருந்தும் கேட்டது.

நம்மவர் எழுந்தார். ஹெட்போன் வயர் இழுத்து, கம்ப்யூட்டர் ஆடி, காலில் செருப்பு மாறி, எப்படியோ கதவைத் திறந்தார். கட்டிலில் கால் மேல் கால் போட்டு, மடியில் கணினியோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு மனைவி பூதத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீயா? சாலை விதி வகுப்பு?"

"அப்புறம் சொல்றேன். நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

பூதத்தின் உலக்கை இறங்கியது. அக்காவின் கேடயம் இரண்டாகப் பிளந்து, அக்கா முழங்காலில் விழுந்தார். பல் டாக்டர் "வலிக்காது, வலிக்காது" என்று ஓடிவந்தார். ஆனால் வைத்தியம் பலிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அத்தானின் அம்பு பூதத்தின் தோலில் பட்டுத் தெறித்தது. உலக்கை மறுபடி மேலே போனது. இன்னொரு அடி. அவ்வளவுதான், அக்கா போனால் கோட்டை போயிற்று. மனைவியின் விரல் யாழ்ப் பொத்தானுக்குப் போனது.

"வேணாம்! வாசிக்காதே! வாசிச்சா அது உன்கிட்ட வந்துரும்!"

"வரட்டும்னுதானே வாசிக்கிறேன்."

யாழ் ஒலித்தது. தூக்கிய உலக்கையோடு பூதம் அப்படியே நின்றது. ஒற்றைக் கண்ணை உருட்டியது. காலடியில் கிடந்த அக்காவை விட்டுவிட்டு, தொம் தொம் என்று பாடினியை நோக்கி நடந்தது. முதல் அடி விழுந்தது. "ஓடு!" என்றார் நம்மவர். "ஓடினா பாட்டு நின்னுரும், அண்ணனோட அம்பு பலிக்காது. நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மனைவி. ஓடவில்லை. அவர் வாசிக்க வாசிக்க அத்தானின் ஒவ்வோர் அம்பும் இரண்டாகத் தைத்தது. இரண்டாவது அடி விழுந்தது. பாடினி தள்ளாடினார், நம்மவர் தன்னை அறியாமல் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது அடிக்கு யாழும் பாடினியும் சேர்ந்து சரிந்தபோது, அங்கே அக்கா எழுந்து நின்றுவிட்டார். பிளந்த கேடயத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பின்னாலிருந்து ஒரு போடு போட்டார். பூதம் மதில் அதிர விழுந்தது.

அந்தப் பக்கம் அக்கா கத்திய கத்தலில் தையல் கடை மாடியில் இருப்பவர்கள் இறங்கி வந்திருப்பார்கள்.

"ஏம்மா, பிரமாதம்! எப்படிம்மா தோணுச்சு உனக்கு?"

"எனக்கெங்க அண்ணி தோணுச்சு? தினம் சாப்பாட்டு நேரத்துல பாடம் எடுத்தாரே உங்க தம்பி. வாசிச்சா பூதம் மத்தவங்கள விட்டுட்டு வந்துரும்னு மனப்பாடமா சொன்னாரு. இவ்ளோ நல்ல விஷயத்தை எதுக்குக் குறைப் பக்கத்துல போட்டாருன்னுதான் எனக்குப் புரியல."

நம்மவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். எல்லாம் கண்டுபிடித்தவர் அவர்தான். ஒன்று விடாமல் கண்டுபிடித்தார். ஒன்றே ஒன்றை மட்டும் தப்பான தட்டில் வைத்திருந்தார். தூணுக்குப் பின்னால் பத்திரமாக நின்று பார்த்தால் அது குறை. விழுந்து கிடக்கிற அக்காவின் பக்கம் நின்று பார்த்தால் அது நிறை. மதில்மேல் உட்கார்ந்து பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்?

"நீ எப்போ வேடம் எடுத்தே?" என்று மனைவியிடம் கேட்டார்.

"போன மாசம். அண்ணி ரொம்ப வருத்தப்பட்டாங்க. உங்க இடத்த வேற ஆளுக்குக் குடுக்க மனசில்ல அவங்களுக்கு. வீட்டு ஆளாவே இருக்கட்டுமேன்னு, தினம் கொஞ்சம் கொஞ்சமா ஆடி மேல வந்தேன்."

"எப்படி முடிவு பண்ணே? எதைப் பார்த்து?"

"யாழ் நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதானா என்று அவர் வாயைப் பிளந்தார். அவ்வளவுதான்.

"டேய் தராசு, இருக்கியா?" மடிக்கணினியில் அக்காவின் குரல். "அடுத்த பருவத்துக் கோட்டைக்கு அஞ்சு பேர் வேணுமாம்டா. ஒரு இடம் காலியா இருக்கு. உனக்குத்தான் வச்சிருக்கேன்."

நம்மவர் எழுந்து கூடத்துக்குப் போனார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வேடங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. இந்தத் தடவை அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டார்: அக்காவுக்குப் பக்கத்தில் நிற்பது எது? அதற்கு இரண்டு வகையில் பதில் இல்லை. கேடயரைத் தொட்டார். சீட்டைப் போட்டார். பெட்டி எழுந்தது. நிச்சயமா? அது கேட்டு முடிப்பதற்குள் "ஆம்" என்று குத்தினார், மேஜை கிடுகிடுத்தது. கூடத்து வாசலில் நின்ற மனைவி கைதட்டினார். ஹெட்போனில் அத்தான் விசில் அடித்தார். அக்கா சிரித்தாரா அழுதாரா என்று சரியாகக் கேட்கவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு திரையில் இன்னொரு பெட்டி எழுந்தது. "உங்கள் வீரருக்கு ஒரு பெயர் சூட்டவும்."

"பேரு கேக்குதுக்கா."

"தராசுன்னே போடுடா."

"தராசு... ஒரு வகையில பார்த்தா நல்ல பேருதான்க்கா. ஆனா..."

அவர் யோசிக்கட்டும். அடுத்த பருவம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தடவை ஒரு செருப்பு வாங்கப் போய், எல்லா ஜோடியையும் போட்டுப் பார்த்து, கடைக்காரருக்கு முதுகு வலி வரவழைத்து, பழைய செருப்போடு திரும்பி வந்தவர் யார்? யாருக்கோ போன் செய்து ஒரு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று நினைத்து, இப்போது பேசினால் என்ன நினைப்பாரோ, நாளைக்குப் பேசினால் என்ன நினைப்பாரோ என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டே பருவம் தாண்டவிட்டவர் யார்? இதைப் படிக்கத் தொடங்குமுன், முழுக்கப் படிக்கலாமா, பாதியில் விடலாமா என்று எத்தனை பக்கம் வருகிறது எனப் புரட்டிப் பார்த்தவரையும் எனக்குத் தெரியும். அதெல்லாம் வேறு யாரோ, நான் இந்த இனத்தைச் சேர்ந்தவனே இல்லை என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். ஒரே ஒரு சின்னப் பெட்டி மட்டும்.

நிச்சயமா?